உளவியல் ஆலோசனை: ‘என் ஆர்வத்தை வீட்டில் யாரும் மதிப்பதில்லை’

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 22 வயது. கோவையில் அப்பா, அம்மா, தம்பியுடன் வசிக்கிறேன். முதுகலை வணிகவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். உங்களுக்கு வரும் மற்றக் கடிதங்களோடு வைத்துப் பார்த்தால் என் பிரச்சினை மிகச் சிறியதாகத் தோன்றலாம். வீட்டில் பெரிய சண்டை இல்லை, கடன் தொல்லை இல்லை, காதல் தோல்வியும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்றைக்கூட என்னைச் சுற்றியிருப்பவர்கள் பொருட்படுத்துவதில்லை என்ற எண்ணம் கடந்த ஓராண்டாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பறவைகளைப் பார்ப்பதில் ஆர்வம் உண்டு. இளங்கலை படித்தபோது எங்கள் பேராசிரியை ஒருவர், பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்காக எங்களைச் சிங்காநல்லூர் குளத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தொடங்கியது இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். வார இறுதிகளில் விடிவதற்கு முன்பே எழுந்து உக்கடம் பெரியகுளத்துக்கோ சூலூர்க் குளத்துக்கோ போய்விடுவேன். பார்த்தவற்றை இபேர்ட் செயலியில் பட்டியலாகப் பதிவேற்றுவேன். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, எடுத்த படங்களையும் அவ்வப்போது மனத்தில் தோன்றும் கருத்துகளையும் எழுதிவருகிறேன். பறவைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குளக்கரை முழுவதும் கல் பாவி, இரவெல்லாம் விளக்கு எரியவிடுவது அங்கே அடையும் பறவைகளை என்ன செய்யும், நொய்யல் வாய்க்கால்களைப் பற்றி மழை வந்தால் மட்டும் ஏன் பேசுகிறோம், பேருந்தில் சத்தமாகக் காணொளி பார்ப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்று பலவற்றையும் யோசித்து, தகவல்களைச் சரிபார்த்து எழுதுகிறேன். ஒரு குறிப்பை எழுதி முடிக்கச் சில சமயம் இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. ஆனால் அவற்றை யார் படிக்கிறார்கள்? என் தோழி ஒருத்தி தன் வீட்டு ஜன்னலில் வந்து உட்கார்ந்த தேன்சிட்டைச் செல்பேசியில் எடுத்துப் போட்டாள். அது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு படத்துக்கு வந்த விருப்பக் குறிகள், நான் ஒரு மாதம் முழுவதும் எழுதியவற்றுக்கு வந்ததைவிட அதிகம்.

வெளியார் போகட்டும், வீட்டிலாவது கேட்கக் கூடாதா? வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் அம்மா, “இவ எந்நேரமும் போன்லயே குருவி பார்த்துட்டு இருப்பா” என்று சொல்லிச் சிரிக்கிறார். நான் விடியற்காலையில் சேற்றில் நிற்பது அவருக்குக் கணக்கிலேயே இல்லை. தம்பி என் பக்கத்தைப் பின்தொடர்வதையே நிறுத்திவிட்டான். கேட்டால், “ஒரே குளமா வருது” என்கிறான். அப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வேலை முடிந்து களைத்து வருபவரிடம் நானும் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, பட்டறைக்கு முன்னால் மின்கம்பியில் உட்காரும், வால் இரண்டாகப் பிளந்த கறுப்புக் குருவி ஒன்று காகத்தையே துரத்துகிறதே, அது என்ன என்று கேட்டார். அந்தப் பறவையைப் பற்றி நான் விரிவாக ஏற்கெனவே எழுதியிருந்தேன். “பக்கத்துல போட்டிருக்கேன் அப்பா, பாருங்க” என்றேன். அவர் பார்க்கவே இல்லை. அவருக்கு இன்ஸ்டாகிராம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் தம்பியின் செல்பேசியில் பார்த்திருக்கலாம் அல்லவா? அக்கறை இருந்தால் வழி தெரியாமல் போகாது.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் காயப்படுத்தியது சித்திரையில் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்த காதுகுத்து விழா. பந்தியில் பேச்சுவாக்கில் பெரியப்பா, “செல்போன் டவர் வந்த பின்னாடிதான் சிட்டுக்குருவியே இல்லாமப் போச்சு. எங்க ஓட்டு வீட்ல சாமி படத்துக்குப் பின்னாடி மட்டும் மூணு கூடு இருக்கும்” என்றார். அது தவறான கருத்து. இந்தியப் பறவைகளின் நிலையைப் பற்றி 2020இல் வெளிவந்த அறிக்கை, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை கடந்த 25 ஆண்டுகளில் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும், கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றும் சொல்கிறது. நான் அதைச் செல்பேசியில் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். ஒருவர்கூட “அப்படியா” என்று கேட்கவில்லை. பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம், பெரியவர்களிடம் அப்படியா பேசுவது என்று அப்பா கடிந்துகொண்டார். உண்மையைச் சொன்னது நான். திமிர் பிடித்தவள் என்ற பெயரும் எனக்கே.

பறவை பார்ப்பவர்களின் உலகமாவது நியாயமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இபேர்டில் மாவட்ட வாரியாக யார் எத்தனை வகைப் பறவைகளைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரிசை உண்டு. பேருந்தில் மட்டுமே போய்வரும் நான் அதில் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வந்தேன். இளங்கலை முதலாண்டு படிக்கும் ஒரு பையன், வீட்டுக் காரில் ஆனைகட்டிக்கும் வால்பாறைக்கும் போய் வந்து காட்டுப் பறவைகளாகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். ஜூலையில் என் செல்பேசியின் திரை உடைந்து அது கடையில் கிடந்த ஒரு வாரம் நான் எங்கும் போகவில்லை (போய் என்ன செய்வது என்று இருந்துவிட்டேன், சொல்லப்போனால் அந்த வாரம்தான் நன்றாகத் தூங்கினேன், அது ஏனென்று தெரியவில்லை). அந்த நேரம் பார்த்து அவன் என்னை முந்திவிட்டான். அதன் பிறகு என்னால் அவனை எட்ட முடியவில்லை.

என்னிடம் நல்ல கேமராவும் கிடையாது. ஆகஸ்டில் ஒருநாள் ஆகாயத்தாமரைப் பரப்பின் மேல் ஓர் ஆண் நீளவால் இலைக்கோழி தன் குஞ்சுகளோடு நடந்துகொண்டிருந்தது. அந்த இனத்தில் பெண் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு வேறோர் ஆணைத் தேடிப் போய்விடும்; அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண்தான். மேலே செம்பருந்து ஒன்று வட்டமிட்டது, தகப்பன் ஒரே ஒரு குரல் கொடுத்தது, அவ்வளவுதான், கண்ணுக்கு நேரே இருந்த குஞ்சுகள் இலையோடு இலையாகக் காணாமல் போயின. பருந்து போய் வெகுநேரம் ஆன பிறகு, அந்தத் தகப்பன் கழுத்தை நீட்டி நான்கு பக்கமும் பார்த்துவிட்டு மெல்ல அழைத்ததும், இவ்வளவு நீளமான விரல்களை வைத்துக்கொண்டு எப்படித்தான் தடுக்காமல் நடக்கின்றனவோ என்று நினைக்கும்படி, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. படம் மங்கலாக வந்ததால் அதைப் போடவே இல்லை. நல்ல கேமரா வைத்திருப்பவர்களுக்குத்தான் எல்லாம்.

நான் யாரிடமும் பணம் கேட்கவில்லை, பரிசு கேட்கவில்லை. செய்வதை ஒருவராவது மதிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி நடனம் கற்றால் வீடே சேர்ந்து பார்க்கப் போகிறது. என் ஆர்வம் மட்டும் ஏன் யாருக்கும் ஆர்வமாகத் தெரியவில்லை? என் வீட்டாருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

அன்புள்ள வாசகிக்கு,

தோழியின் தேன்சிட்டு, தம்பியின் கேலி, பெரியப்பாவின் கோபம், காரில் போகும் பையன் என்று நீங்கள் வரிசைப்படுத்திய ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட முடியும். அப்படிச் சொன்னால் அடுத்த மாதம் இதே கடிதத்தை வேறு பெயர்களோடு எழுதுவீர்கள். ஆகவே அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு வேகமாகக் கடந்துபோன இடத்துக்குப் போகிறேன். செல்பேசி உடைந்திருந்த வாரத்தில் நீங்கள் குளத்துக்குப் போகவில்லை. அந்த வாரம் நன்றாகத் தூங்கினீர்கள்.

அந்த வாரத்தில் பைனாகுலர் உங்களிடம் இருந்தது. பேருந்து வழக்கம்போல ஓடியது. குளம் வற்றிவிடவில்லை. குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். செல்பேசிகள் வருவதற்கு முன்பு பறவை பார்த்தவர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும், போய் என்ன செய்வது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பறவைகளைப் பார்ப்பதற்காகவே விடிவதற்கு முன்பு எழுபவர் என்று உங்களைப் பற்றி நீங்கள் வைத்திருந்த எண்ணத்தில் அன்று ஒரு விரிசல் விழுந்திருக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே பறவைகளைப் பிடிக்குமா, இல்லை, பறவைகளைப் பிடித்தவள் என்று பிறர் என்னை அறிவதுதான் பிடிக்குமா என்ற கேள்வி அந்த விரிசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. நான் ஊகிப்பது தவறாக இருக்கலாம். ஆனால் நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியும் அந்த வாரத்துக்கு மட்டும் ஒரு தனி வாக்கியம் கொடுக்காமல் போனதைப் பார்க்கும்போது, அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டார் மதிப்பதில்லை என்ற புகார் அதைவிட வசதியானது. அதில் குற்றம் செய்தவர்கள் எல்லோரும் வெளியே இருக்கிறார்கள்.

உளவியலில் 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே பயன்படும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய சிறு குழந்தைகளை மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவு எதுவும் தெரியாமல் வரைந்து, முடிந்த பிறகு அதே சான்றிதழைப் பெற்றது. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாட்கள் கழித்து அதே பேனாக்களை வகுப்பறையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம் அளவுக்கே அவற்றைத் தொட்டார்கள். இதைச் சொல்பவர்கள் பலர், பாராட்டு ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று முடித்துவிடுவார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவே இல்லை. வரைந்து முடித்த பிறகு வந்த பாராட்டு அவர்களைக் கெடுக்கவில்லை. வரைவதற்கு முன்பே மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட பாராட்டுதான் முதல் பிரிவைக் கெடுத்தது. நீங்கள் குளத்துக்குப் புறப்படும்போதே அதைப் பற்றிய பதிவும், அதற்கு வரப்போகும் விருப்பக் குறிகளும், மாவட்ட வரிசையில் உங்கள் பெயர் இருக்கும் இடமும் உங்களோடு பேருந்தில் ஏறிவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் உங்கள் ஆர்வம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாரம் நீங்கள் ஏன் நன்றாகத் தூங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பறவைகளிலிருந்து உங்களுக்கு ஓய்வு கிடைத்ததால் வந்த தூக்கமாக அதை நான் பார்க்கவில்லை. இரவு ஒரு மணிவரை தகவலைச் சரிபார்த்து எழுதி, மறுநாள் கண் விழித்ததும் யார் பார்த்தார்கள் என்று எண்ணி, தோழிக்கு எவ்வளவு, பையனுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டு, ஒவ்வொரு நாளும் முடிவு வெளியாகும் தேர்வொன்றை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். செல்பேசி கடைக்குப் போனதும் தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. யாருக்குத்தான் தூக்கம் வராது? ஆனால் பறவை பார்ப்பதும் தேர்வு எழுதுவதும் உங்களிடம் வெகுநாட்களாகச் சேர்ந்தே நடப்பதால், ஒன்று நின்றபோது மற்றொன்றும் நின்றுபோனது. அதை வைத்துக்கொண்டு, எனக்குப் பிடித்தது எது என்றே எனக்குத் தெரியவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை.

பிடித்திருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. நல்ல கேமரா இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளத் தொடங்கிய நீங்கள், இலைக்கோழிக் குஞ்சுகளிடம் வந்ததும் குறையை மறந்துவிட்டீர்கள். கடிதத்தின் மற்ற வாக்கியங்களில் எல்லாம் நீங்கள் இருக்கிறீர்கள்; அந்தச் சில வாக்கியங்களில் தகப்பனும் குஞ்சுகளும் பருந்தும்தான் இருக்கின்றன. அந்த விரல்களைப் பார்த்து வியந்தது எவருக்கும் காட்டுவதற்காக வந்த வியப்பாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அதைப் பதிவிடவும் இல்லை. படம் மங்கலாக இருந்தது என்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் இல்லாத, ஒரு விருப்பக் குறியும் பெறாத அந்தக் காட்சியை எத்தனையோ நாட்களுக்குப் பிறகும் அசைவு அசைவாக உங்களால் எழுத முடிகிறது. தோழியின் படத்துக்கு எத்தனை குறிகள் வந்தன என்று அவளே இப்போது மறந்திருப்பாள்.

இனி நீங்கள் விரும்பாத பகுதிக்கு வருகிறேன். உங்கள் வீட்டார் உங்களை மதிக்கவில்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் கேட்பது மதிப்பு என்பதைவிடப் பார்வையாளர்கள் என்றே எனக்குப் படுகிறது. அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வரும் மனிதர், பட்டறை வாசலில் ஒரு பறவையின் வால் எப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறார். அது தன்னைவிடப் பெரிய காகத்தைத் துரத்துவதைக் கண்டு வியந்திருக்கிறார். அதை மகளிடம் கேட்கலாம் என்று வீடு வரும்வரை நினைவில் வைத்திருக்கிறார். உங்களுக்குப் பிடித்த உலகத்துக்குள் வர அவரிடம் இருந்த ஒரே வழி அது. நீங்கள் அவரை உங்கள் பக்கத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். அவரிடம் இன்ஸ்டாகிராம் இல்லை என்று தெரிந்தே அனுப்பினீர்கள். வீட்டில் யாரும் கேட்பதில்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்டவர் உங்கள் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா விஷயத்தில் நீங்கள் சொன்ன தகவல் சரிதான். அந்த அறிக்கை சிட்டுக்குருவிகளைப் பற்றி ஏறத்தாழ நீங்கள் சொன்னபடியே சொல்கிறது. கோபுரங்கள் மீது போடப்பட்ட பழிக்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் அவர் சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. கோபுரம் என்பது அவருடைய ஊகம், அது தவறு. ஓட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் மூன்று கூடுகள் இருந்தன என்பது அவர் கண்ணால் கண்டது. அதை எந்த அறிக்கையிலும் நீங்கள் படிக்க முடியாது. சிட்டுக்குருவி பொந்துகளிலும் இடுக்குகளிலும் கூடு கட்டும் பறவை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஓட்டு வீடு இன்னும் இருக்கிறதா? இடித்துவிட்டு அந்த இடத்தில் கான்கிரீட் வீடு கட்டினார்களா? முற்றத்தில் தானியம் காயப்போடுவது எப்போது நின்றது? குஞ்சுகளுக்குப் புழு பூச்சி கிடைத்துவந்த செடிகொடிகள் என்ன ஆயின? பறவைகளில் ஆர்வமுள்ளவர் இவற்றைத்தான் முதலில் கேட்டிருப்பார். நீங்கள் ஒரு வாதத்தில் வெல்ல வேண்டிய அவசரத்தில் இருந்தீர்கள். உங்கள் குடும்பத்தில் அரை நூற்றாண்டு நினைவுகளை வைத்திருக்கும் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்துபோனது மரியாதைக் குறைவைப் பற்றிய பிரச்சினை என்று உங்கள் அப்பா நினைக்கிறார். ஒரு நல்ல தகவலாளரை இழந்துவிட்டீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்நேரமும் போனில் குருவி பார்க்கிறாள் என்று அவர் சொன்னது உங்களுக்குக் கேலியாகப் பட்டிருக்கிறது. நீங்கள் சேற்றில் நிற்கும்போது அவர் அங்கே இல்லை. வீட்டில் அவர் காண்பது என்னவோ அதையே சொல்லியிருக்கிறார். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது உங்கள் பறவைப் பட்டியலுக்கும் பொருந்தும் விதி அல்லவா?

மாவட்ட வரிசையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது உங்களைத் தின்றுகொண்டிருப்பது தெரிகிறது. இந்தியப் பறவைகளின் நிலையைப் பற்றி 2023இல் வெளிவந்த அறிக்கை 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளின் நிலையை மதிப்பிட்டது. எந்த வகை பெருகுகிறது, எது குறைகிறது என்பதை அத்தகைய கணக்கு சொல்ல முடிவதற்குக் காரணம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், காகத்தையும் மைனாவையும் விடாமல், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதிவைப்பவர்கள்தான். வால்பாறையில் ஓர் அரிய பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்புபவரின் பட்டியல் அவருக்கு மகிழ்ச்சி தரும், அதில் தவறில்லை. ஆனால் பேருந்தில் போகும் தூரத்தில் உள்ள ஒரு குளத்தை ஆண்டு முழுவதும் பார்த்துவருபவர் எழுதும் பட்டியல், அந்தக் குளத்துக்கு நேர்வதைச் சொல்லும். கல் பாவிய கரையும் இரவு விளக்கும் பறவைகளை என்ன செய்கின்றன என்று கருத்து எழுதியிருக்கிறீர்கள். விளக்கு வந்த பிறகு எந்தப் பறவை எந்த மரத்தில் அடைகிறது என்று பார்த்து எழுத அந்தப் பையனால் முடியாது, உங்களால் முடியும். அந்தப் பையன் உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை அவனுடைய குழுவோடு ஆனைகட்டிக்குப் போய்வாருங்கள். முந்தியவர் என்ற நினைப்பு இல்லாமல் பழகினால் உங்களுக்கு நல்ல நண்பனாகக்கூட இருப்பான்.

செல்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் குளத்துக்குப் போங்கள் என்று சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். சொல்லமாட்டேன். விடியாத நேரத்தில் தனியாகக் குளக்கரைக்குப் போகும் பெண்ணிடம் செல்பேசி இருக்க வேண்டும். மேலும், அது இல்லாமல் எவ்வளவு நன்றாக இருக்கிறோம் என்று உங்களையே கவனித்துக்கொண்டு நிற்பீர்கள். அதுவும் இன்னொரு தேர்வாகிவிடும். பட்டியலைப் பதிவேற்றுவதையும் நிறுத்த வேண்டாம். உங்கள் பக்கத்தில் எழுதுவதை மட்டும் கொஞ்ச காலம் தாமதப்படுத்துங்கள். இன்று பார்த்ததை ஒரு மாதம் கழித்து, அப்போதும் நினைவில் நின்றால் எழுதுங்கள். இலைக்கோழிகள் நின்றன. நிற்காமல் போகிறவற்றை எழுதாமல் விட்டுவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை. தம்பி மீண்டும் பின்தொடரக்கூடும்.

வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் தனியாகப் பதில் இல்லை, ஏனென்றால் அவர்கள் எதையும் தவறாகப் புரிந்துகொண்டதாக எனக்குப் படவில்லை. அப்பாவின் கேள்விக்கு இன்னும் பதில் பாக்கியிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது கரிச்சான்தான் என்று ஊகிக்கிறேன். நீங்கள் பட்டறைக்கே ஒருநாள் போய், பைனாகுலரை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, உறுதிசெய்யுங்கள். பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதைவிட, அந்தக் கூடுகள் எந்த ஆண்டுவரை இருந்தன என்று கேட்பது நல்லது. அவர் பேசத் தொடங்கினால் இடையில் திருத்தாமல் கேளுங்கள்.

கடைசியாக, தூக்கத்தைப் பற்றி. செல்பேசி இல்லாத வாரம்தான் நன்றாகத் தூங்கினேன் என்றால், மற்ற வாரங்களில் நீங்கள் சரியாகத் தூங்குவதில்லை என்று பொருள். அது எத்தனை காலமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரவில் எழுதுவதைக் குறைத்த பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தூக்கம் வராமல் இருந்தாலோ, பசி குறைந்தாலோ, படிப்பில் கவனம் நிற்காமல் போனாலோ, கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

– ஆலோசகர்